சிவப்பைத் தின்னும் மண்

அத்தியாயம் 6

"தொடாதீங்க மாப்பிள்ளை" என்று அத்தை சொல்லி முடிப்பதற்குள், மாப்பிள்ளை லாக்கரின் உள்தட்டைத் தடவிப் பார்த்துவிட்டார். வலது கையின் ஐந்து விரலும் சிவந்துபோயின. பழக்கதோஷத்தில் அதை இடது கையால் துடைத்தார். இப்போது பத்து விரலும் சிவப்பு.

"சொன்னேனே" என்றார் அத்தை.

"பாதிதான் சொன்னீங்க அத்தை. மீதி வர்றதுக்குள்ள கை போயிடுச்சு."

மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அத்தை அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் திட்ட முடியும் என்பதை மாப்பிள்ளை நான்கு வருடமாக நேரில் அனுபவித்து வருகிறார். அத்தை இருபத்தாறு வருடம் சலவைக்கடை நடத்தியவர். யார் சட்டைப்பையில் என்ன இருக்கும், யார் காலரில் என்ன ஒட்டியிருக்கும் என்பதெல்லாம் அத்துப்படியான பிறகு, கடையை மூடிவிட்டுத் துப்பறியும் நிலையம் திறந்தார். போர்டுதான் மாறியது. கறை எங்கிருந்து வந்தது என்று பார்க்கிற வேலை மாறவில்லை. மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்ட மறுவாரம் அவரும் உதவியாளராகச் சேர்ந்தார். மாமியாரிடமா வேலை என்று சிரித்த நண்பர்களிடம், "வீட்லயும் அதானே நடக்குது, இங்க டீயாவது குடுக்கறாங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

அவர்கள் நின்றது ஒரு களிமண் கம்பெனியின் ஆபீஸ் அறையில். ஜன்னலுக்கு வெளியே ஷெட்டில் அரைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தகரத் தட்டுகளில் மண் காய்ந்துகொண்டிருந்தது. மேஜை, ஃபைல், காலண்டர், முதலாளியின் புருவம் என்று ஒன்று விடாமல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். அதற்கு நடுவே முதலாளியின் வலது காது மட்டும் பளிச்சென்று சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பதிவு ஆபீஸ்ல இருக்கணும்" என்றார் முதலாளி. "எங்க புது மண்ணோட செய்முறையைக் காப்புரிமைக்குப் பதிவு பண்ணப் போறோம். அதுக்கு அந்த நோட்டு வேணும், செஞ்சு வெச்ச மண்ணு ஒரு ஜாடியும் வேணும். ரெண்டும் இந்த லாக்கர்ல இருந்துச்சு. காலையில பார்த்தா ரெண்டும் இல்ல."

"எடுத்தது யாருன்னு..."

"அது தெரியும்மா. எங்க கெமிஸ்ட் பொண்ணுதான். யாருன்னு கண்டுபிடிக்க உங்களைக் கூப்பிடல. எங்க ஒளிச்சு வெச்சிருக்குன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."

அத்தை கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?"

முதலாளி பெருமையோடு நிமிர்ந்தார். "பொறி வெச்சேன். அந்தப் பொண்ணு நோட்டைத் தூக்கிக்கிட்டு வேற கம்பெனிக்கு ஓடப் போகுதுன்னு தகவல் வந்துச்சு. உடனே ஒரு சாயப்பட்டறையில சிவப்புப் பொடி வாங்கினேன். தொட்டா ஒரு வாரத்துக்குப் போகாதுன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தான். நேத்து சாயங்காலம் எல்லாரும் கிளம்பற நேரத்துல நோட்டு அட்டையில, ஜாடி மூடியில, தட்டுல, கதவுல எல்லாம் தூவினேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. இன்னிக்குக் காலையில பார்த்தா அந்தப் பொண்ணு ரெண்டு கையும் சிவக்கச் சிவக்க லாக்கர் முன்னாடி நிக்குது."

"நீங்க எப்படித் தூவினீங்க?"

"ரெண்டு கையிலயும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டு."

"காது?"

முதலாளி காதை மூடிக்கொண்டார். "நடுவுல அரிச்சுது."

"லாக்கர் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, கெமிஸ்ட்கிட்ட ஒண்ணு. மூணாவது ஒரு ரகசியமான இடத்துல இருக்கு."

"காலண்டருக்குப் பின்னாடி ஆணியிலயா சார்?" என்றார் மாப்பிள்ளை.

முதலாளி ஆடிப்போனார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரூம்லயே அந்தக் காலண்டர் ஓரத்துல மட்டும்தான் தூசி இல்ல."

மேஜையில் ஒரு கடிதம் அச்சடித்துத் தயாராக இருந்தது. அத்தை அதைக் குனிந்து படித்தார். சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுவதாகவும், புதிய மண் சம்பந்தமாக எந்த உரிமையும் கோரப்போவதில்லை என்றும் கெமிஸ்ட் எழுதித் தருவதாக இருந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலி.

"அஞ்சு மணிக்குள்ள நோட்டைக் குடுத்துட்டு இதுல கையெழுத்துப் போட்டுட்டா, போலீஸுக்குப் போக மாட்டேன். இல்லைன்னா அஞ்சேகாலுக்கு ஜீப் வந்து நிக்கும். நானும் மனுஷன்தானே, அதான் இவ்வளவு டயம் குடுத்திருக்கேன்."

"ஓடப் போறாங்கன்னு தகவல் சொன்னது யாரு?"

"மச்சான். என் வீட்டம்மாவோட தம்பி. விற்பனை எல்லாம் அவர்தான் பார்க்கறார். காலையில பிடிச்சதும் அவர்தான். கையும் களவுமா."

மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

*

வாசலில் வாட்ச்மேன் இரண்டு உள்ளங்கையையும் வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டும் சிவப்பு.

"கெமிஸ்ட் அம்மாவோட பையைச் சோதனை போடச் சொன்னாங்க. போட்டேன். பையெல்லாம் சாயம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சேன், சார். நாத்தம்தான் மிச்சம்."

மாப்பிள்ளை ஏற்கெனவே குழாயடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டார். "சும்மா வெயில்ல காட்டினாப் போகுமா?"

"தெரியல. வேற ஒண்ணும் தோணல."

டைப்பிஸ்ட் அம்மாள் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். கீபோர்டில் பாதி எழுத்து சிவப்பு. கெமிஸ்ட் அழுதபோது கையைப் பிடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டாராம். அதற்குக் கிடைத்த பரிசு. எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறார். மிச்சம் பாதி மூடியை மாப்பிள்ளைக்கும் கொடுத்தார். மாப்பிள்ளை தேய்த்தார். நகக்கண்ணில் ஒரு சின்ன வெட்டு இருந்தது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு எடுத்திருக்கும்னு நீங்க நம்பறீங்களா?" என்று அத்தை கேட்டார்.

"நான் நம்பி என்னம்மா ஆகப்போகுது? ராஜினாமா லெட்டரை என்னையே அடிக்கச் சொன்னாங்க. அழுதுக்கிட்டே அடிச்சேன், மூணு தப்பு."

"காலையில என்ன நடந்துச்சு?"

"ஒம்பதரைக்கு அது வந்து லாக்கரைத் திறந்துச்சு. தினமும் திறக்கறதுதான். 'அய்யோ நோட்டைக் காணோமே'ன்னு தட்டைத் தடவிப் பார்த்துச்சு. அடுத்த நிமிஷம் விற்பனை மேனேஜர் எங்கிருந்தோ வந்து, அதோட ரெண்டு கையையும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, ஷெட்டு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயி, 'பாருங்க, திருடியைப் பாருங்க'ன்னு எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். எனக்கு மனசே ஆறல."

"கையைப் பிடிச்சா? மணிக்கட்டையா?"

"கையைத்தான். ஊரைக் கூட்டற வரைக்கும் விடல."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைக்கும்போது ஏதோ பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். சில சமயம் கண்ணாடியில் தூசி என்றும் அர்த்தம். இன்றைக்கு எது என்று மாப்பிள்ளையால் சொல்ல முடியவில்லை.

*

விற்பனை மேனேஜரின் அறை குளுகுளுவென்று இருந்தது. உள்ளேயே பாத்ரூம் வசதி. கதவைத் தட்டும்போது உள்ளே யாரோ முணுமுணுப்பது கேட்டது. "...பன்னிரண்டு தடவை கழுவ வேண்டும், பன்னிரண்டு தடவை கழுவ வேண்டும்..." தட்டியதும் நின்றுவிட்டது.

மச்சினர் நாற்பது வயதில் நல்ல வாட்டசாட்டமாக, மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே எட்டி அத்தைக்குக் கை கொடுத்தார். பெரியவர்கள் வந்தால் எழுந்திருக்கத் தெரியாத ஆளாகத் தெரியவில்லையே என்று மாப்பிள்ளை நினைத்தார். பிறகு, எழுந்திருக்காதவர்கள் பட்டியலில் தானும் உண்டு என்று ஞாபகம் வந்ததால் அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

"ரொம்ப வருத்தமான விஷயம்மா. கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி வெச்சிருந்தோம்."

"காலையில உங்களாலதான் பிடிபட்டாங்களாம்" என்றார் அத்தை.

"ஏதோ கடவுள் செயல். நான் அந்த லாக்கர் பக்கமே போறதில்லை. அதிர்ஷ்டவசமா அந்த நேரத்துல அந்த வழியா வந்தேன்." அவர் மேஜையிலிருந்த இரண்டு பாட்டில்களைத் தள்ளி வைத்தார். ஒன்றில் சிவப்புத் தண்ணீர், ஒன்றில் தெளிந்த தண்ணீர். "இதான் எங்க புது மண்ணோட மகிமை. சாயப்பட்டறைத் தண்ணியை இதுல ஊத்துங்க, கண்ணாடி மாதிரி வரும். உலகத்துல எந்தச் சிவப்பும் இதுகிட்ட நிக்காது. எத்தனை கஸ்டமருக்குக் காட்டியிருக்கேன்! இப்படிப்பட்ட கண்டுபிடிப்பைத் தூக்கிட்டுப் போக மனசு வந்துச்சு பாருங்க."

"மண்ணு இப்ப வேற எங்கயாவது இருக்கா?"

"ஜாடியில இருந்தது மட்டும்தான். அடுத்த கலவை இன்னும் ஊறிக்கிட்டிருக்கு, பத்து நாள் ஆகும்."

மாப்பிள்ளை தன் கைகளைத் தூக்கிக் காட்டினார். "சார், உங்க பாத்ரூம்ல கொஞ்சம் கை கழுவிக்கலாமா? வெளிய குழாயில உப்புத்தண்ணி."

"அய்யய்யோ, தொட்டி அடைச்சுக்கிட்டு நிக்குது. வெளியவே கழுவிக்கங்க, ப்ளீஸ்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை ஷெட்டில் குவிந்திருந்த களிமண்ணில் ஒரு கை அள்ளி, தண்ணீர் விட்டுக் குழைத்து, தேய் தேய் என்று தேய்த்தார். மண் சாம்பல் நிறத்திலேயே கழுவிக்கொண்டு போனது. கை சிவப்பிலேயே நின்றது.

"உலகத்துல எந்தச் சிவப்பும் நிக்காதாம் அத்தை. என்னுது நல்லா சம்மணம் போட்டு உக்காந்திருக்கு."

"நீங்க தேய்ச்சது வேற மண்ணு மாப்பிள்ளை. அவர் கை கொடுத்தாரே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்துச்சு."

"ம்" என்றார் அத்தை.

*

லேப் என்பது ஷெட்டின் மூலையில் தடுத்த ஒரு அறை. கெமிஸ்ட் முப்பத்தைந்து வயதுக்காரி. ஸ்டூலில் உட்கார்ந்து, அழுது முடித்து, இப்போது ஒரு வாளிக் குழம்பைக் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தாள். கட்டையின் பிடியெல்லாம் சிவப்பு.

"அஞ்சு மணிக்கு ஜெயில்ங்கறாங்க. நீங்க மண்ணைக் கிண்டிக்கிட்டிருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை.

"கிண்டலைன்னா கட்டி தட்டிடும் சார்."

மாப்பிள்ளைக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அத்தைக்கும் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் கேட்காமலே இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. இந்த மண்ணை நீ என்ன பண்றே?"

"சாதாரண களிமண்ணுக்கு நீலச் சாயம்னா உயிருங்க. தண்ணியில கலந்துவிட்டாப் போதும், பிடிச்சு வெச்சுக்கும். ஆனா இந்த மாதிரி சிவப்புச் சாயம்னா ஆகவே ஆகாது, கிட்ட சேர்க்காது. ஒரு நாத்தனாரோட ராசி, இன்னொரு நாத்தனாரோட பேச்சுவார்த்தை இல்லைங்கற மாதிரி." அவள் கிண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள். "அதனால மண்ணை முதல்ல உப்புத்தண்ணியில ஊறப்போடுவேன். மணல் அடியில தங்கிடும். மேல நிக்கற நைஸ் மண்ணை மட்டும் எடுத்து, ஒரு சரக்கு சேர்த்து, வெதுவெதுப்பா வெச்சு நாள் பூரா கிண்டணும். அப்புறம் கழுவி, காய வெச்சு, சலிக்கணும். அந்தச் சரக்கு மண்ணோட இதழ் இதழா உள்ள போய் உக்காந்துடுச்சுன்னா மண்ணோட குணமே மாறிடும். அதுக்கப்புறம் சிவப்பைக் கண்டா விடாது."

"என்ன சரக்கு?"

"தலைக்குக் குளிச்சப்புறம் முடி வழுவழுன்னு இருக்கறதுக்குப் போடுவாங்களே, கண்டிஷனர். அதுல இருக்கறதுதான்."

மாப்பிள்ளை தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "முடி இல்லாதவங்களுக்கும் பிடிக்குமா?"

"மண்ணுக்கும் முடி இல்லீங்களே." சொல்லிவிட்டு அவள் அவருடைய மண்டையைப் பார்த்தாள். "இப்ப உங்க தலையெல்லாம் சிவப்பு சார்."

அத்தை சிரிக்கவில்லை. "எதுக்கும்மா இந்தச் சிவப்போட இவ்வளவு மல்லுக்கட்டறே?"

"கால்வாய் ஓரம் மூணு தெரு இருக்குங்க. சாயப்பட்டறைத் தண்ணி இறங்கி இறங்கி, அங்க குழாயைத் திறந்தா ரோஸ் கலர்லதான் வரும். என் வீடு ரெண்டாவது தெரு." கட்டை ஒரு கணம் நின்றது. "இந்த மண்ணு என் கையை விட்டுப் போச்சுன்னா, விக்கறவங்க எங்க விலை கிடைக்குதோ அங்க விப்பாங்க. எங்க தெருவுக்கு வராது. ஜெயில்னா கூடப் பரவாயில்லன்னு தோணுது, அந்த லெட்டர்ல மட்டும் கையெழுத்துப் போட மனசு வரல."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை அவளுடைய சிவந்த கையைக் கைக்குட்டையில் ஏந்தித் தன் மடியில் வைத்துக்கொண்டு, துணியில் கறை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தினமும் சாயத்துலதானே வேலை? மத்த நாள்ல எப்படிக் கழுவுவே?"

"இந்த மண்ணாலதாங்க. ஜாடியில ஒரு சிட்டிகை எடுத்துக் குழைச்சுத் தேய்ச்சா ரெண்டு நிமிஷத்துல கை பளிச்சுன்னு ஆயிடும். ஆறு வருஷமா அப்படித்தான்."

"எந்தத் தொட்டியில?"

"தொட்டியில ஊத்தவே கூடாதுங்க, குழாய் அடைச்சுக்கும். வாளியில கழுவி வெளிய கொட்டுவேன்."

"இன்னிக்கு ஏன் கழுவல?"

"ஜாடிதான் காணாமப் போச்சே!"

அத்தை எழுந்தார். "மாப்பிள்ளை, கிளம்புங்க. இந்தப் பொண்ணு எடுக்கல."

"எப்படி அத்தை? கை சிவந்துபோய்க் கிடக்கு."

"அதனாலதான் எடுக்கல. ஜாடியை எடுத்தவங்களுக்குச் சாயத்துக்கு மருந்தும் சேர்ந்தே கிடைச்சாச்சு. மருந்தைக் கையில வெச்சுக்கிட்டு யாராவது சீக்கோட சுத்துவாங்களா? முதலாளி சிவந்த கையைத் தேடிக்கிட்டிருக்கார். நாம தேட வேண்டியது, சிவந்திருக்க வேண்டிய இடத்துல வெளுத்திருக்கற கையை."

மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணினார். பையைத் தொட்ட வாட்ச்மேன், கண்ணைத் துடைத்த டைப்பிஸ்ட், லாக்கரைத் தொட்ட தான், காதைச் சொறிந்த முதலாளி. அப்புறம், இந்தப் பெண்ணின் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்து ஷெட்டு வரை இழுத்துக்கொண்டு போன ஒருவர்.

"அடப்பாவி" என்றார் மாப்பிள்ளை. "வெண்ணெய்!"

*

இரண்டே முக்காலுக்கு அத்தை முதலாளியையும் கெமிஸ்ட்டையும் கூட்டிக்கொண்டு மச்சினரின் அறைக்குள் போனார். மாப்பிள்ளை ஷெட்டிலிருந்து கடன் வாங்கிய ஸ்பானரோடு நேராகப் பாத்ரூமுக்குள் போனார்.

"ஹலோ, எங்க போறீங்க?" மச்சினர் கத்தினாரே தவிர எழுந்திருக்கவில்லை.

"அடைப்பு எடுக்க சார். இலவச சேவை."

அத்தை எதிர் நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தார். "தம்பி, காலையில இந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன். திருடின கையாச்சே, பிடிக்காம?"

"அந்தக் கையைத் தொட்ட டைப்பிஸ்ட்டுக்குச் சாயம் ஒட்டிச்சு. அந்தக் கை தொட்ட பையைத் தொட்ட வாட்ச்மேனுக்கும் ஒட்டிச்சு. உங்களுக்கு ஏன் ஒட்டல?"

மச்சினர் தன் கையைப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதில் கொஞ்சம் அழுக்கு இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஒட்டிச்சு... சோப்புப் போட்டேன், போயிடுச்சு."

பாத்ரூமிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "சோப்பு, எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், பச்சைக் களிமண், வாஷிங் பவுடர். அஞ்சும் நான் போட்டாச்சு சார். உங்க சோப்பு என்ன பிராண்டுன்னு சொன்னீங்கன்னா எங்க வீட்டம்மாகிட்ட நான் தப்பிச்சுப்பேன்."

தொடர்ந்து ஏதோ கழன்று, தண்ணீர் கொட்டி, ஒரு கெட்ட வார்த்தை பாதியில் நின்றது. மாப்பிள்ளை தொட்டிக்கு அடியிலிருந்த வளைகுழாயைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, மேஜையில் விரித்த பேப்பரில் கவிழ்த்தார். கொழகொழவென்று சிவந்த மண் விழுந்தது.

கெமிஸ்ட் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "என் மண்ணுதான்" என்றாள். "ரெண்டு தடவை கழுவியிருக்கார். கீழ நல்ல சிவப்பு, மேல வெளிர். நேத்து சாயங்காலம் ஒரு தடவை, இன்னிக்கு ஒரு தடவை."

"ஜாடி குப்பைக்கூடையில இருக்கு" என்றார் மாப்பிள்ளை. "அடியில ஒரு ரெண்டு ஸ்பூன் மிச்சம். அத்தை, நான் அதுல ஒரு துளி..."

"அது சாட்சி மாப்பிள்ளை. வையுங்க."

மாப்பிள்ளை மனசில்லாமல் வைத்தார்.

"தன் விளம்பரத்தைத் தானே நம்பற ஆளை நான் இப்பதான் பார்க்கறேன்" என்றார் அத்தை. "மண்ணு சாயத்தை எடுக்கும்ங்கற வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. எடுத்த மண்ணு எங்கயாவது போய்ச் சேரணுமேங்கறது தெரியல. இதுல தினமும் கை கழுவறவங்க யாரும் தொட்டியில ஊத்த மாட்டாங்க. கொஞ்சம் எழுந்திருங்க."

"எதுக்கு?"

"காலையிலேர்ந்து எழுந்திருக்காம இருக்கீங்க. கால் மரத்துப் போயிருக்கும்."

மச்சினர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மச்சினர் எழுந்தார். நாற்காலி மெத்தைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், சிவந்த அட்டையோடு நோட்டு இருந்தது.

"மச்சான்!" என்றார் முதலாளி. "இதை யாருக்கு விக்கப் பார்த்தீங்க?"

"விக்க இல்ல சார்" என்றார் அத்தை. "விக்கறவன் நோட்டைக் கைமாத்திட்டுப் போயிடுவான். நாங்க வந்தப்ப இவர் உள்ள மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தார். மனப்பாடம் பண்றது பரீட்சை எழுதறவன். நாளைக்குப் பத்து மணிக்கு என்ன பரீட்சை? நீங்க கொடுக்கப் போற ஃபாரத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

"அது எதுக்கும்மா, அது கம்பெனி விஷயம்..."

"காட்டுங்க."

அத்தை அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வார் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். முதலாளி தன் அறைக்குப் போய் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் மச்சினரின் பெயர் அழகாக அச்சடித்திருந்தது.

அத்தை ஃபாரத்தை எல்லோரும் பார்க்கும்படி மேஜையில் விரித்து வைத்தார்.

"வீட்டம்மா கேட்டாங்க" என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல். "தம்பிக்கு ஒரு அந்தஸ்து வேணும்னாங்க. பேருதானேன்னு விட்டுட்டேன்."

"பதிவு ஆபீஸர் கேள்வி கேப்பார்னு நீங்க சொல்லவே இல்லையே மாமா!" மச்சினர் அழாத குறையாகக் கத்தினார். "எப்படிச் செஞ்சேன்னு என்னைக் கேப்பாராம். எனக்கு என்ன தெரியும்? ஒரு ராத்திரி படிச்சுட்டுத் திருப்பி வெச்சுடலாம்னு எடுத்தேன். எடுத்தா கையெல்லாம் சிவப்பு! கழுவ ஜாடியையும் தூக்கினேன், காலியான ஜாடியை எப்படித் திருப்பி வைப்பேன்? இவங்களைக் கழட்டி விட, ஓடப் போறாங்கன்னு ஏற்கெனவே சொல்லி வெச்சிருந்தேன். அதான் பழியையும் இவங்க மேல..."

ஆக, முதலாளி கெமிஸ்ட்டுக்கு வைத்த பொறியில் முதலாளியின் மச்சினரே விழுந்திருக்கிறார். மச்சினரைக் காப்பாற்ற ஆள் தேவைப்பட்டபோது கெமிஸ்ட் லாக்கரைத் திறந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ரத்தம் கொதித்தது. ஒரு அறை விடலாமா என்று கையைப் பார்த்தார். கன்னத்தில் அச்சு ஒரு வாரம் நிற்கும் என்பதால் யோசனை இன்னும் இனித்தது. அத்தை பக்கத்தில் இருந்ததால் சும்மா இருந்தார்.

கெமிஸ்ட் ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடி என்று ஷெட்டு முழுக்கக் காட்டியபோதுகூட அவள் முகம் இப்படி இருந்திருக்காது. பிறகு மச்சினர் பக்கம் திரும்பினாள்.

"மண்ணை எத்தனை தடவை கழுவணும்?"

"பன்னிரண்டு" என்றார் அவர் உடனே.

"ஏன் பன்னிரண்டு?"

"நோட்டுல... அப்படித்தான் போட்டிருக்கு."

"கழுவின தண்ணியில நுரை வர்றது நிக்கற வரைக்கும் கழுவணும். ஒட்டாத சரக்கு மிச்சம் இருந்துச்சுன்னா தண்ணியோட போய் மீனைக் கொன்னுடும். அன்னிக்குப் பன்னிரண்டுல நின்னுச்சு. மழைக்காலத்து மண்ணுன்னா பதினெட்டு ஆகும்." அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள். "முதல் பக்கம் படிச்சீங்களா?"

"அது ஏதோ வாடகை விஷயம்னு விட்டுட்டேன்."

அவள் நோட்டைத் திறந்து முதலாளியிடம் நீட்டினாள். முதல் பக்கத்தில் பழுப்பேறிய ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. முதலாளி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"'தாங்கள் குளியலறையில் தொடர்ந்து களிமண்ணும் தலைமுடிக் கண்டிஷனரும் கலந்து கிண்டி வருவதால், கழிவுக்குழாய் மூன்றாவது முறையாக அடைத்துக்கொண்டது. சிவப்புத் தண்ணீரைத் தெளிய வைப்பதாகத் தாங்கள் கூறும் காரணம் ஏற்கத்தக்கதல்ல. ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யவும். இப்படிக்கு, வீட்டு உரிமையாளர்.'" தேதிக்கு வந்தபோது அவர் குரல் இறங்கியது. "இது... நீங்க இங்க வேலைக்குச் சேர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி."

"ஆமாம் சார். இங்க வந்து பெரிய வாளி கிடைச்சுது. மத்தபடி மண்ணு அதேதான்."

அத்தை எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தார். கையெழுத்து, தேதி, காரணம், எல்லாம் சுத்தமாக இருந்தது. "இருபத்தாறு வருஷத்துல எத்தனையோ ரசீது பார்த்திருக்கேன்" என்றார். "இவ்வளவு நல்ல சர்டிஃபிகேட் பார்த்ததில்ல. சார், இந்த மண்ணு உங்க கம்பெனியோடதே இல்ல போலிருக்கே."

முதலாளி நாற்காலி தேடி உட்கார்ந்தார். அது மச்சினரின் நாற்காலி. நோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆறு வருடத்தில் அவர் அவளிடம் பேசியிராத ஒரு தொனியில் கேட்டார்.

"அப்ப... நாளைக்கு நாம எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"

"நான் ஒம்பது மணிக்குக் கிளம்பறேன் சார்" என்றாள் கெமிஸ்ட். "உங்களையும் சேர்த்துக்கறதா வேண்டாமான்னு எங்க தெருவுல கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டு, வாளி கட்டி தட்டியிருக்குமே என்று அவசரமாக வெளியே போனாள்.